மஞ்சாடிச் சிவப்பு

காலை ஏழரை மணி. பினாங்கின் தண்ணீர்மலை அடிவாரத்துத் தூங்குமூஞ்சி மரங்கள் இரவெல்லாம் குவித்து வைத்திருந்த இலைகளை அப்போதுதான் விரித்துக்கொண்டிருந்தன. மலைமேல் பாலதண்டாயுதபாணி சந்நிதியிலிருந்து மணியோசை மெல்ல இறங்கி வந்தது. ஜாலான் கெபுன் பூங்காவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரு வீட்டின் முன்தாழ்வாரத்தில், சிவப்பு நிற புரோட்டோன் சாகா ஒன்று நின்றிருந்தது. எங்களோடு வந்த ஃபோர்மேன் அண்ணன் சாவியைக் கேட்கவில்லை, கதவைத் தொடவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல உள்ளங்கையைப் பானெட்டின் மேல் வைத்தார். கண்ணை மூடி, சற்று நேரம் அப்படியே நின்றார்.

"நல்லாக் குளுந்திருக்கு," என்றார்.

அந்தக் கையைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறேன். ஜெலுத்தோங்கில் நாற்பது வருடம் பட்டறை நடத்திய கை அது. ரேகைகளுக்குள் கிரீசின் கருமை நிரந்தரமாகத் தங்கி, கைரேகை மைதீட்டி வரைந்ததுபோல் தெளிவாகத் தெரியும். சூடான இன்ஜின் எத்தனையோ குறைகளை மறைத்துவிடும் என்பது அந்தக் கைக்குத் தெரியும். விடியற்காலையில் கிளப்பும்போது வரும் இருமலும் புகையும், கொஞ்சம் ஓடிச் சூடேறினால் அடங்கிப்போகும். அதனால் நாங்கள் வந்து சேரும்வரை வண்டியைக் கிளப்ப வேண்டாமென்று முதல்நாளே போனில் கேட்டுக்கொண்டிருந்தோம். வீட்டுக்கார அங்கிள் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். பேரம் தொடங்குமுன்பே ஒரு நல்ல செய்தி உள்ளங்கை வழியாக வந்து சேர்ந்துவிட்டது.

கார் என் அக்கா மகளுக்கு. தாதியாக இருக்கிறாள். ஒரு வாரம் பகல் வேலை, அடுத்த வாரம் இரவு வேலை. ஆயர் ஈத்தாமில் வீடு. நள்ளிரவில் வேலை முடிந்து வருகிறவள் பேருந்தை நம்பி நிற்க முடியாது. "மாமா, எனக்குப் பெரிய காடியெல்லாம் வேணாம். காலைல சாவியப் போட்டா எந்திரிக்கணும், மழையில நின்னுடக் கூடாது. அது போதும்," என்றாள். நாளும் பொழுதும் ஓட்டுகிற கார் ஒன்றிடம் இதைவிட அழகாக யாரும் எதையும் கேட்டுவிட முடியாது. வேகமோ பெருமையோ அவள் கேட்கவில்லை. வீட்டு மாட்டைப்போல, அடுப்படி அம்மியைப்போல, கூப்பிட்டபோது இருக்கிற ஒன்றைக் கேட்டாள்.

சாகா என்ற பெயரையும் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்க்கலாம். மலாய்க்காரர்கள் சாகா என்பது நம் மஞ்சாடி. ஆனைக்குன்றிமணி என்றும் சொல்வோம். காய்ந்த நெற்று முறுக்கிக்கொண்டு பிளக்கும்போது உள்ளிருந்து உதிரும் விதை, குன்றிமணிக்கு இருக்கும் கறுப்புப் பொட்டுகூட இல்லாத முழுச் சிவப்பு, மெருகிட்டது போன்ற வழவழப்பு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சட்டைப்பை நிறையப் பொறுக்கி வருவார்கள். பொற்கொல்லர்கள் அதை வைத்துப் பொன் நிறுத்தார்கள். இரண்டு குன்றிமணி எடை ஒரு மஞ்சாடி. 1985 ஜூலையில் மலேசியா தன் முதல் தேசியக் காரை வெளியிட்டபோது, எத்தனையோ கம்பீரமான பெயர்கள் இருக்க, இந்தச் சிறுவிதையின் பெயரை அதற்கு வைத்தார்கள். அதே ஆண்டு பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபோது பிரதமர் மகாதீர் சாகாவில்தான் கடலைக் கடந்தார். பதின்மூன்றரை கிலோமீட்டர் பாலத்தின் மேல் ஒரு மஞ்சாடி உருண்டு போனதாக நினைத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

பெயரிடுவதில் இந்த நாட்டுக் கார்க்காரர்களுக்கு ஒரு கனிவு இருக்கிறது. 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சில், சருகுமான். பிறகு வந்த கெனாரி, பாடும் பறவை. கெலிசா, மீன். இவற்றில் எதுவும் சிங்கமோ புலியோ இல்லை.

எங்கள் முன் நின்ற சாகா, அந்த முதல் மஞ்சாடியின் வாரிசு. 2008 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறை, 2010-இல் பதிவானது, 1.3 லிட்டர், கியரைக் கையால் மாற்றுவது. கிராண்டில், அதாவது பதிவுப் பத்திரத்தில், ஒரே பெயர். ஓய்வுபெற்ற சீனப் பள்ளி ஆசிரியர் அந்த அங்கிள். கண்பார்வை மங்கிவிட்டதால் விற்கிறார்.

நிறத்தைப் பாருங்கள். அவசரக்காரக் கண்ணுக்கு இது வெளிறிய சிவப்பு, விலையைக் குறைக்க ஒரு சாக்கு. ஆனால் இடப்பக்கம் நின்று பார்த்தால் அது நன்றாகப் பழுத்த, ஈரமான சிவப்பு. வலப்பக்கம் வந்தால் அதே சிவப்பு காவிக்கு ஒரு படி முன்னால் நிற்கிறது. கூரையின் வலது ஓரத்தில் மட்டும் மெருகு உதிர்ந்து, கன்னத்துத் தேமல்போல ஒரு வெளிறல். ஏன் இப்படி என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அண்ணன் திரும்பி வானத்தைப் பார்த்தார், தாழ்வாரத்தின் தகரக் கூரையைப் பார்த்தார். வண்டி எப்போதும் தலையைச் சாலைப்பக்கம் வைத்து நிற்கும். அதன் வலத்தோள் மேற்கே. பதினைந்து ஆண்டுகளின் மாலை வெயில் ஒரே பக்கத்தில், ஒரே கோணத்தில் விழுந்திருக்கிறது. அந்தச் சரிவு நிழற்கோடு கதவிலிருந்து கதவுக்குச் சற்றும் முறியாமல் ஓடுகிறது. நடுவில் ஒரு கதவு அடிபட்டுப் புதுச் சாயம் பூசியிருந்தால் கோடு அங்கே அறுந்திருக்கும். வெயிலே எழுதிய சாட்சிப் பத்திரம் அது. புதுப் பூச்சடித்துப் பளபளக்கும் வண்டி எதிலும் இந்த அழகை நான் பார்த்ததில்லை.

அண்ணன் குனிந்து, பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் கட்டைவிரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழாக இழுத்தார். அந்தப் பக்கமும் அப்படியே. நகம் எங்கும் சிக்கவில்லை, எங்கும் தளரவில்லை. அடுத்து, கதவுச் சட்டத்தைச் சுற்றி ஓடும் ரப்பரை, வாழைப்பட்டை உரிக்கிற பதத்தில், ஓரமாகக் கொஞ்சம் உரித்தார். உள்ளே தகடும் தகடும் சேர்கிற இடத்தில் தொழிற்சாலை வைத்த பற்றுவைப்புப் புள்ளிகள். சின்னச் சின்ன வட்டக் குழிகள், ஒன்றுக்கொன்று ஒரே தூரம், மார்கழி வாசலில் கோலத்துக்கு வைத்த புள்ளிபோல. வெட்டி ஒட்டிய வண்டியில் இந்த வரிசை கலைந்திருக்கும். மேலே புட்டி பூசி, தேய்த்து, சாயமடித்திருப்பார்கள். இங்கே கலையவில்லை. என் அக்கா மகளைக் கூப்பிட்டு விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். அவள் நாடி பார்க்கிற அதே இரண்டு விரலை வைத்துத் தடவினாள்.

கதவை மூடும் ஓசைக்காக மட்டும் ஒரு நிமிடம் தனியாக நிற்கலாம். இது விலையுயர்ந்த காரின் கனத்த, மெத்தென்ற ஓசை கிடையாது. மெல்லிய தகடுதான். ஆனாலும் அந்த ஓசை ஒரே சொல்லாக முடிந்தது. பின்னால் எதுவும் கிலுகிலுக்கவில்லை. நான்கு கதவும் நான்கு பிள்ளைகள் ஒரே ராகத்தில் பதில் சொன்னதுபோல. ஓட்டுநர் பக்கக் கதவு மட்டும் அரைச் சுரம் தாழ்ந்து ஒலித்தது. எத்தனை ஆயிரம் முறை திறந்து மூடியது!

இதற்கு முந்தைய வாரம் வேறொரு இடத்தில் ஒரு காரைப் பார்த்தோம். இதைவிடப் புதிது, இதைவிட மினுமினுப்பு. உள்ளே ஏறியதும் மல்லிகை வாசனை மூக்கைத் துளைத்தது. அண்ணன் ஒன்றும் பேசாமல் ஓட்டுநர் இருக்கையின் பெல்ட்டை இழுத்தார். இழுத்துக்கொண்டே போனார், சுருளின் கடைசிவரை. வழக்கமாக யாரும் அவ்வளவு தூரம் இழுப்பதில்லை. அதனால் கழுவுகிறவர்களும் அவ்வளவு தூரம் போவதில்லை. கடைசி இரண்டு முழத்தில், தேநீர் கறைபோல ஒரு பழுப்புக் கோடு. தண்ணீர் நின்ற மட்டம். 2017 நவம்பர் 4, 5-ஆம் தேதிகளில் இந்தத் தீவில் கொட்டித் தீர்த்த மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. தாழ்ந்த பகுதிகளில் கார்கள் கூரைவரை முழுகிக் கிடந்தன. அப்படி முழுகிய வண்டியின் ஒயர்களுக்குள் போன ஈரம், ஆண்டுகள் கழித்தும் ஒரு ராத்திரி வேலை முடிந்து வருகிற பெண்ணை நடுச்சாலையில் நிறுத்திவிடும். அண்ணன் பெல்ட்டை விட்டார். அது சர்ரென்று சுருண்டு உள்ளே போனது. "வாங்க, போலாம்," என்றார்.

இப்போது இந்தச் சாகாவின் பெல்ட். அதே கை, அதே நிதானம். சாம்பல் நிற நாடா ஒரே நிறமாக, ஒரே நெசவாக வந்துகொண்டே இருந்தது. தோளில் உராயும் இடத்தில் மட்டும், பழைய வேட்டிக் கரைபோல, ஓரம் சற்று நைந்திருந்தது. அடியில் தைத்திருந்த சிறு சீட்டில் 2010 என்ற ஆண்டு. பெல்ட்டைச் செய்தவர்கள் அங்கே ஆண்டைத் தைப்பார்கள். காரின் வயதும் பெல்ட்டின் வயதும் ஒன்றாக இருந்தால், பெரிய விபத்தில் பெல்ட்டை மாற்ற நேரவில்லை என்று மனம் ஆறுதலடையலாம். இருக்கைக்கு அடியில் கைவிட்டுத் தண்டவாளத்து போல்ட்டுகளைத் தடவி, விரலை முகர்ந்தார். துரு இல்லை. சேற்று வாசனை இல்லை. பழைய புத்தக வாசனை மட்டும் இருந்தது என்று நான் சத்தியம் செய்வேன். பின்சீட்டில் அங்கிள் எத்தனை ஆண்டு பாடநூல்களை ஏற்றிப் போனாரோ.

இனிக் காலடிக்கு வாருங்கள். மீட்டர் 138,000 கிலோமீட்டர் என்றது. மீட்டரைத் திருத்துகிறவர்கள் உண்டு. மிதியைத் திருத்த நினைப்பவர்கள் குறைவு. கிளட்ச் மிதியின் ரப்பரில் குறுக்காக ஓடும் வரிகள் வலப்பக்கம் முழுசாக இருந்தன. இடது ஓரத்தில் மட்டும் தேய்ந்து, உரலின் வாய்போல வழவழத்திருந்தன. அங்கிளின் இடதுகால் எப்போதும் ஓரமாகத்தான் இறங்கும் போலும். கியர் குமிழின் மேல் பொறித்த எண்களில் மூன்றும் நான்கும் ஏறக்குறைய மறைந்துவிட்டன. ஐந்து இன்னும் கூர்மை. ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே ஓடிய வண்டி, நெடுஞ்சாலையை அதிகம் பார்க்காத வண்டி. ஸ்டியரிங்கில் கடிகாரத்தின் பத்து மணியும் இரண்டு மணியும் இருக்கும் இடங்களில் மட்டும் ஒரு மங்கிய பளபளப்பு. ஆசிரியர் இரண்டு கையாலும் பிடித்து ஓட்டியிருக்கிறார். தேய்மானம் என்று ஒரே சொல்லில் இதையெல்லாம் தள்ளிவிடுகிறோமே! கோயில் படியில் நடுப்பகுதி குழிந்திருப்பதைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. இந்த ரப்பர் ஓரத்திலும் அதே பக்தி, அதே அன்றாடப் பழக்கம் இருக்கிறது.

பானெட்டைத் தூக்கியதும் அண்ணன் பார்த்த இடம் இன்ஜின் இல்லை. முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர்கள் படுத்திருக்கும் பள்ளத்தின் இரு மூலைகள். தண்ணீர்மலைக்காரர்களுக்கு இது புரியும். தூங்குமூஞ்சி மரம் நாள் முழுக்க உதிர்க்கும். அந்தப் பொடி இலைகள் பள்ளத்தில் சேர்ந்து, மழையில் ஊறி, வடிகால் துளையை அடைத்துக்கொள்ளும். வெளியே வடியவேண்டிய தண்ணீர் உள்ளே இறங்கிக் காலடி விரிப்பை நனைக்கும், தகட்டைத் துருவாக்கும். அண்ணனின் விரல் மூலைக்குள் போய் வந்தது. சுத்தமாக இருந்தது விரல். "அங்கிள், இதக்கூட கழுவுவீங்களா?" என்று மலாயில் கேட்டார். அங்கிள் உள்ளே போய், தலை மழுங்கிய பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை. கைப்பிடி அளவு இடம் அது, யாரும் பார்க்கப்போவதில்லை. அங்கே போய் வந்த அந்த பிரஷ்ஷை என்னால் மறக்க முடியவில்லை.

இன்ஜினின் மேல் ஒரு மெல்லிய தூசி படிந்திருந்தது. ஸ்ப்ரே அடித்து எண்ணெய்ப் பளபளப்போடு நிற்கும் இன்ஜின்களை அண்ணன் நம்புவதில்லை. கசிவை மறைக்க முகம் கழுவி விட்டார்களோ என்று சந்தேகப்படுவார். இந்தத் தூசி உலர்ந்த தூசி. எண்ணெய் கசிந்த இடத்தில் தூசி கருத்துப் பசையாகும். இங்கே எங்கும் அப்படி இல்லை. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி, உட்புறத்தைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினார். தேன்நிறத்தில் ஒரு மெல்லிய படலம். மோர்போல வெள்ளையாக நுரைத்திருந்தால் தண்ணீர் கலக்கிறது என்று பொருள். ரேடியேட்டர் மூடியையும் திறந்தார். குளிர்ந்த இன்ஜினில் மட்டும் செய்யக்கூடிய காரியம் இது. சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். உள்ளே தெளிந்த பச்சை. குளத்துப் பச்சை இல்லை, கண்ணாடி வளையல் பச்சை.

பக்கவாட்டில், டைமிங் பெல்ட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறைமேல், ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பெல்ட் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் பேனாவில். இந்தச் சீட்டின் அருமை சொல்லில் அடங்காது. பல இன்ஜின்களில் இந்த ரப்பர் பெல்ட் வயதாகி அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, இன்ஜின் ஒரே நொடியில் குலைந்துபோகும். இந்த ஊரில் எங்கு பார்த்தாலும் ஓடுகிற பெரோடுவா மைவி, 2005-இல் வந்த முதல் 1.3, பெல்ட்டுக்குப் பதில் சங்கிலியோடு வந்தது. அதன் பேர் ஓங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று அண்ணன் சொல்வார். பெல்ட் வண்டிக்குத் தேவை, நாள் தவறாத ஒரு மனிதர். அந்த மனிதர் எங்கள் பக்கத்தில் பல்பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தார்.

பிறகு சாவி. முதலில் பாதி திருப்பி, எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிகின்றனவா என்று பார்த்தார். எரியவேண்டியவை எரிந்தால்தான் அணைவதற்குப் பொருள். முழுதும் திருப்பினார். ஒன்றரைச் சுற்றில் இன்ஜின் எழுந்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக அடங்கின. முதலில் சற்று உயர்ந்த குரல், குளிரில் தொண்டையைச் செருமுவதுபோல. அரை நிமிடத்தில் தானாகத் தணிந்து, சீரான மூச்சு. நான் பின்னால் ஓடிப்போய்ப் புகைக்குழாயைப் பார்த்தேன். நீலப் புகை இல்லை, எண்ணெய் எரியவில்லை. கறுப்பு இல்லை. விடியற்காலை ஈரத்தின் மெல்லிய வெள்ளை மட்டும் இரண்டு மூச்சு வந்து மறைந்தது. ஒரு ஐந்து வெள்ளி நோட்டைக் குழாயின் வாயருகே பிடிக்கச் சொன்னார் அண்ணன். நோட்டு சீராகப் படபடத்தது, இடையில் எங்கும் தடுமாறவில்லை. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். சுருதி சேர்ந்திருக்கிறதா என்று தம்பூராவுக்குக் காது கொடுக்கும் பாகவதர் முகம் அது.

ஓட்டிப் பார்க்கப் பாயா தெருபோங் போனோம். அங்கிருந்து பாலேக் பூலாவுக்கு மலையேறுகிற துன் சார்டோன் சாலை, பினாங்கில் கார் பார்க்கிறவர்களுக்குக் கடவுள் போட்டுக்கொடுத்த உரைகல். ஏற்றம், இறக்கம், கொண்டையூசி வளைவு, நடுவில் மழை ஈரம் காயாத நிழல். அக்கா மகளே ஓட்டினாள். கிளட்சை அவள் மெல்ல விடவிட, மிதியின் பாதி வழியில் வண்டி கைகொடுத்தது. கடைசியில் போய்த் தயங்கிப் பிடிக்கவில்லை. மூன்றாவது கியரில் ஏற்றம் ஏறும்போது இன்ஜின் வேகமும் வண்டி வேகமும் கைகோத்து ஏறின. வளைவில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பியபோது சக்கரத்துப் பக்கம் 'டக் டக்' என்ற முனகல் கேட்கிறதா என்று காத்திருந்தோம். தவளைச் சத்தம் மட்டும் கேட்டது. நேர்ச்சாலையில் கையைச் சற்றுத் தளர்த்தச் சொன்னார். வண்டி நூல் பிடித்ததுபோல் போயிற்று. பிரேக்கை அழுத்தச் சொன்னார். வலமோ இடமோ இழுக்காமல், பணிவாக, மூக்கை மட்டும் தாழ்த்தி நின்றது.

மேலே ஒரு டுரியான் கடையோரம் நிறுத்தினோம். ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது. வண்டிக்கு அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்து தார்ச்சாலையில் ஒரு சின்ன வட்டம் கருத்தது. "ஐயோ, ஒழுகுது மாமா!" என்று பதறினாள் பிள்ளை. அண்ணன் குந்தி உட்கார்ந்து, ஒரு சொட்டை விரலில் ஏந்தி, கட்டைவிரலோடு தேய்த்தார். வழுக்கவில்லை, நிறமில்லை, மணமில்லை. "இது வேர்வை தங்கச்சி. நம்ம ஊர் காத்துல இருக்கிற தண்ணிய உள்ள புடிச்சு வெளிய விடுது. இது சொட்டலேன்னாத்தான் கவலப்படணும்," என்றார். அந்தச் சொட்டைப் பாருங்கள்: காலை வெயில் பட்டு, விழுமுன் ஒரு கணம் தயங்கி, முழு வட்டமாகி, விழுகிறது. பினாங்கின் புழுக்கம் முழுவதும் அதற்குள் அடங்கியிருந்தது.

குறைகளும் இருந்தன, அவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறித்திருப்பார்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. முன்டயர் இரண்டும் 2318, அதாவது 2018-இன் இருபத்துமூன்றாம் வாரம். வரி ஆழம் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகிவிட்டது, மாற்றியாக வேண்டும். கூரை உள்துணி பின்பக்கம் லேசாகத் தொங்குகிறது. பின் ஷாக் அப்சார்பர் ஒன்றில் ஈரம். அண்ணன் ஒரு காகிதத்தில் இவற்றின் செலவை எழுதி அங்கிளிடம் நீட்ட, அவர் கண்ணாடியை மாட்டி, மாணவன் கணக்கைச் சரிபார்ப்பதுபோல் கூட்டிப் பார்த்து, அந்தத் தொகையை விலையிலிருந்து கழித்துக்கொண்டார். பேரம் அவ்வளவுதான். பெயர் மாற்றத்துக்கான புஸ்பாகோம் பரிசோதனையில் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் சரியாக வந்தன. 1.3 லிட்டருக்கு ஆண்டுச் சாலைவரி எழுபது வெள்ளி. தாதியின் சம்பளத்துக்கு அது உறுத்தாது.

கடைசியாக அங்கிள் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். பள்ளிக்கூடத்துச் சதுரக்கோட்டு நோட்டு. அட்டையில் பிளாஸ்டிக் உறை. உள்ளே பதினைந்து ஆண்டு. தேதி, கிலோமீட்டர், செய்த வேலை. பெரும்பாலும் மலாயில், 'துக்கார் மினியாக் ஹித்தாம்', கருப்பெண்ணெய் மாற்றம். ஐயாயிரத்துக்கு ஒருமுறை, சில இடங்களில் நாலாயிரத்துச் சொச்சத்திலேயே. ஓரங்களில் சின்னச் சின்னச் சீன எழுத்துகள். ஒரு பக்கத்தில், 2017 நவம்பர் 4-க்கு நேராக, ஒரே ஒரு வரி இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். மழை என்று கேள்விப்பட்டதும் வண்டியை மேட்டுக்கு ஏற்றி, தண்ணீர்மலைக் கோயில் பக்கம் நிறுத்திவிட்டு, நடந்தே வீட்டுக்கு வந்தாராம். மையின் நிறம் கறுப்பிலிருந்து நீலமாகிறது, நீலத்திலிருந்து கறுப்பாகிறது. கடைசிப் பக்கங்களில் எழுத்து பெரிதாகிறது, கோட்டைவிட்டு நழுவுகிறது. கண் மங்கியது அங்கே தெரிகிறது. ஆனால் கிலோமீட்டர் எண் எந்த இடத்திலும் விட்டுப்போகவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை வண்டியை மலையடிவாரத்துக்குக் கொண்டுபோனோம். ஐந்நூற்றுப் பதின்மூன்று படி ஏறி அர்ச்சனை முடித்து இறங்கி வந்த பிறகு வண்டிக்குப் பூசை. குங்குமம், சந்தனம், ஸ்டியரிங்கில் ஒரு முழம் மல்லிகை, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம். அமெரிக்காவில் பழுதான காரை எலுமிச்சை என்று அழைப்பது வழக்கம். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளியலாளர் 1970-இல் இந்த எலுமிச்சைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், நல்ல கார் வைத்திருப்பவர் உரிய விலை கிடைக்காமல் சந்தையை விட்டே விலகிவிடுவார், மோசமானவை மட்டும் மிஞ்சும் என்று காட்டினார். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மஞ்சள் பழத்தைச் சக்கரத்தடியில் வைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது. ஒரு சதுரக்கோட்டு நோட்டும் ஒரு பழைய பல்பிரஷ்ஷும் இருந்தால், அவர் சொன்ன அந்த இருட்டில் எவ்வளவு வெளிச்சம் வந்துவிடுகிறது!

அங்கிளையும் கூப்பிட்டிருந்தோம். வேட்டி கட்டியவர்களுக்கு நடுவே வெள்ளைச் சட்டையில், கைகட்டி, சற்றுத் தள்ளி நின்றார். தீபாராதனை காட்டியதும் வண்டிக்கு அருகில் வந்து, வெளிறிய வலப்பக்கத்தை ஒருமுறை தடவினார். பிறகு சட்டைப்பையிலிருந்து பல்பிரஷ்ஷை எடுத்து என் அக்கா மகளிடம் கொடுத்து, வைப்பர் பள்ளத்தைக் காட்டினார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

வண்டியில் உட்கார்ந்ததும் அவள் நோட்டை மடியில் விரித்தாள். அங்கிளின் கடைசி வரிக்குக் கீழே ஒரு வரிகூட இடம் விடாமல், தேதியும் 138,061 என்ற எண்ணும் எழுதி, தமிழில் சேர்த்தாள்: 'டயர் இரண்டு மாற்றியது. கோயில் பூசை.' பேனாவை மூடிவைத்துச் சாவியைத் திருப்பினாள். மரத்திலிருந்து இரண்டு இலை கண்ணாடியில் விழுந்தது. கிளட்ச் பாதி வழியில் கைகொடுக்க, நான்கு பழங்களும் ஒன்றாக நசுங்கி, எலுமிச்சை வாசனை அடிவாரம் முழுக்கப் பரவியது.